‘சம்பளம்தான் ஒழுங்கா போயிட்டிருக்கே?’

அம்பத்தூரோ ஓசூரோ, கோவையோ திருப்பூரோ, எந்தத் தொழிற்பேட்டையிலும் இந்த உரையாடல் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ‘‘சார், பேரோல் சாஃப்ட்வேரை மாத்திடலாம்’’ என்று ஹெச்.ஆர். மேலாளர் ஆரம்பிப்பார். முதலாளி கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்பார்: ‘‘ஏன், சம்பளம்தான் ஒழுங்கா போயிட்டிருக்கே?’’

அதோடு பேச்சு முடிந்துவிடும். முதலாளி சொல்வதும் பொய்யில்லை. ஏழாம் தேதிக்குள் எல்லோருடைய வங்கிக் கணக்கிலும் பணம் விழுந்துவிடுகிறது. யாரும் கேபின் வாசலில் வந்து நிற்பதில்லை. புது இயந்திரம் வாங்கினால் உற்பத்தி கூடும், புது லாரி வாங்கினால் லோடு கூடும். புது சம்பள மென்பொருள் வாங்கினால் என்ன கூடும்? இந்தக் கேள்விக்கு ஹெச்.ஆர். மேலாளர் அவசரத்தில் எடுத்து நீட்டும் பதில் ஒன்று உண்டு: ‘‘அக்கவுன்ட்ஸ்ல ரெண்டு பேரைக் குறைச்சிடலாம் சார்.’’

இருக்கிற வாதங்களிலேயே மோசமானது அதுதான். ஒரு நாட்டின் அரசாங்கமே அதை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறது.

கனடா கொடுத்த விலை

கனடா மத்திய அரசின் சம்பளப் பட்டியலில் ஏறத்தாழ 2,90,000 பேர். நாற்பது ஆண்டு பழைய அமைப்பு ஒன்று அவர்களுக்குச் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தது. அதை மாற்ற நினைத்ததில் தவறில்லை. ஆனால் மாற்றுவதற்குச் சொன்ன காரணம், ஆண்டுக்கு 7 கோடி கனடா டாலர் மிச்சமாகும் என்பது. அந்த மிச்சம் ஆட்குறைப்பிலிருந்து வரவேண்டும். துறைகளில் பரவியிருந்த 1,200 சம்பள ஆலோசகர் பணியிடங்கள் நீக்கப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் மிராமிஷி என்ற சிறிய ஊரில் ஒரு மையம், அதில் 550 பேர்.

2016 பிப்ரவரியில் ‘ஃபீனிக்ஸ்’ என்ற புதிய அமைப்பு ஓடத் தொடங்கியது. சிலருக்குச் சம்பளம் குறைவாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை, சிலருக்கு அளவுக்கு மீறி வந்து பிறகு திருப்பிக் கேட்கப்பட்டது. 2017 ஜூன் வாக்கில் பிழையாகப் போன, போகாமல் நின்ற சம்பளத்தின் மதிப்பு 52 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 2018 மே மாதம் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் இதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று எழுதினார். ஆண்டுக்கு 7 கோடி மிச்சம் பிடிக்க வந்த திட்டம், இன்றுவரை 300 கோடி டாலருக்கு மேல் விழுங்கியிருக்கிறது.

அந்தத் தணிக்கை அறிக்கையில் என்னை நிறுத்திவைத்த இடம் வேறு. திட்டச் செலவு எகிறுகிறது என்றதும், 984 செயல்பாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அதிகாரிகள் கழற்றிவிட்டார்கள். அவற்றில் ஒன்று, முன்தேதியிட்டு அரியர்ஸ் கணக்குப் போடும் வசதி. நம் ஊர் அலுவலகத்தில் எந்தக் கணக்கரிடமும் போய், அரியர்ஸ் போடத் தெரியாத சம்பள மென்பொருள் ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துவிடுவார். ஒட்டாவாவில் அந்தச் சிரிப்பைச் சிரிக்கத் தெரிந்தவர்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு துறையில் வைத்துச் சோதித்துப் பார்க்கும் முன்னோட்டத்தையும் ரத்து செய்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதற்கு ஆறு ஆண்டு முன்பே ஒரு முன்னுதாரணம் இருந்தது. 2010 மார்ச்சில் அங்கே சுகாதாரத் துறையின் சுமார் 78,000 ஊழியர்களுக்கான புதிய சம்பள அமைப்பு இதே பாணியில் கவிழ்ந்தது. நர்சுகளும் வார்டு ஊழியர்களும் சம்பளமில்லாமல் நின்றார்கள். கைக்கணக்காகச் சரிசெய்யவே புதிதாக நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்க வேண்டியிருந்தது. மொத்தச் சேதம் சுமார் 120 கோடி ஆஸ்திரேலிய டாலர். இரண்டு நாடுகளிலும் அமைப்பைக் கட்டிக்கொடுத்தது ஐ.பி.எம்.தான்.

இந்தக் கதைகளைச் சொன்னால் முதலாளி, ‘‘அதான் சொன்னேன், இருக்கறதைத் தொடாதீங்க’’ என்பார். அது தவறான பாடம். பழைய அமைப்புகள் உண்மையிலேயே காலாவதியாகிவிட்டன. மாற்றியே தீரவேண்டிய நிலை. மாற்றுவதற்கான காரணத்தைத் தப்பாக எழுதியதால், அந்தக் காரணமே திட்டத்தின் ஒவ்வொரு முடிவையும் வளைத்தது. மிச்சம்தான் நோக்கம் என்றால் முன்னோட்டம் வீண் செலவு, அனுபவசாலிகள் வீண் செலவு, அரியர்ஸ் வசதிகூட வீண் செலவு.

வேகம் என்ற வாதமும் எடுபடாது. அது தீர்ந்து எழுபது ஆண்டு ஆகிறது. இங்கிலாந்தில் தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனம், தானே ஒரு கணினியைக் கட்டி 1951-ல் இயக்கியது; லியோ என்று பெயர். 1954 தொடக்கத்தில் அதில் தன் ஊழியர்களின் சம்பளத்தைப் போட்டது. கைதேர்ந்த குமாஸ்தா ஒருவர் ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட எடுத்துக்கொண்ட நேரம் எட்டு நிமிடம். லியோவுக்கு ஒன்றரை வினாடி. இன்று ஓர் எக்செல் ஷீட் அதைவிட வேகம். சம்பளக் கணக்கில் கணக்குப் போடுவது எப்போதோ சுலபமாகிவிட்டது. எந்த விதியில் கணக்குப் போடுவது என்பதுதான் வருடத்துக்கு வருடம் கடினமாகிக்கொண்டே வருகிறது.

எக்செல்லுக்குள் ஒளிந்திருப்பவை

தமிழ்நாட்டில் நூறு முதல் ஐந்நூறு பேர் வேலை செய்யும் நிறுவனங்களில் சம்பளம் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. பயோமெட்ரிக் மெஷினிலிருந்து வருகைப் பதிவை இறக்குவார்கள். சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஓ.டி. மணிநேரத்தைத் தனியாகத் தட்டுவார்கள். அட்வான்ஸ் வாங்கியவர்களின் பட்டியல் ஒரு நோட்டில் இருக்கும். எல்லாவற்றையும் போன மாத எக்செல் ஷீட்டைக் காப்பி செய்து அதில் ஒட்டுவார்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. போர்ட்டலுக்குத் தனித்தனிக் கோப்பு, வங்கிக்கு இன்னொரு கோப்பு. நடுவில் யாராவது ஒரு வரிசையை மேலே நகர்த்தியிருந்தால் ஒருவருடைய ஓ.டி. அடுத்தவர் கணக்கில் ஏறும்.

அந்த மாதிரிப் பிழை வெளியே தெரிந்துவிடும். ஆள் வந்து கேட்பார். கேட்கத் தெரியாத பிழைகள்தான் ஆபத்து.

ஈ.எஸ்.ஐ.யை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, ஊழியர் பங்கு 0.75 சதவிகிதம், நிறுவனத்தின் பங்கு 3.25. எக்செல்லில் இதற்கு ஒரு ஃபார்முலா போட்டிருப்பார்கள்: சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் பிடித்தம் பூஜ்யம். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் விதி அப்படி இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு பங்களிப்புக் காலங்கள் உண்டு. காலத்தின் நடுவில் ஒருவரின் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும், அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரவேண்டும்.

20,500 வாங்கிய ஒருவருக்கு ஜூன் மாதம் இன்கிரிமென்ட் வந்து 21,600 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்முலா ஜூனிலிருந்து பிடித்தத்தை நிறுத்திவிடுகிறது. கையில் 162 ரூபாய் கூடுதலாக வருகிறது. அவர் ஏன் கேட்கப்போகிறார்? ஆனால் நோய்க்காலப் பணப்பயன் கிடைக்க அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு இருக்கவேண்டும். ஏப்ரலும் மேயும் சேர்த்தாலே 61 நாள்தான். அடுத்த ஜனவரியிலிருந்து ஜூனுக்குள் அவருக்கு டைஃபாய்டு வந்தோ, கால் முறிந்தோ படுத்தால், சராசரி நாள் கூலியில் 70 சதவிகிதம் என்று 91 நாள்வரை கிடைக்கக்கூடிய தொகை கிடைக்காது. நிறுவனம் கட்டாமல் விட்டது நான்கு மாதத்துக்கு இரு பங்கும் சேர்த்து 3,456 ரூபாய்தான். யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. ஒரு ஃபார்முலாவில் ஒரு நிபந்தனை குறைந்திருந்தது.

போனஸிலும் இப்படி ஒன்று. 21,000 ரூபாய்வரை வாங்குபவர்களுக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவிகிதம் போனஸ் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தத் தொகையில் 8.33? பல ஷீட்டுகளில் 7,000 என்று அடித்துவைத்திருப்பார்கள். 2015-ல் வந்த திருத்தம், 7,000 ரூபாய் அல்லது அந்த வேலைக்கான குறைந்தபட்சக் கூலி, இரண்டில் எது அதிகமோ அது என்றது. குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி ஏறிக்கொண்டே போகிறது. ஷீட்டில் 7,000 மட்டும் அசையாமல் நிற்கிறது. தீபாவளிக்குக் கையில் வாங்கும் கவருக்குள் எவ்வளவு குறைகிறது என்று தொழிலாளி எப்படிக் கண்டுபிடிப்பார்?

பி.எஃப்.பில் 58 வயது ஒரு கண்ணி. நிறுவனம் கட்டும் 12 சதவிகிதத்தில் 8.33 பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. 15,000 ரூபாய் வரம்பு வைத்துப் பார்த்தால் அதிகபட்சம் 1,250. ஊழியருக்கு 58 முடிந்ததும் அந்தப் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்கே திரும்பவேண்டும். பிறந்த தேதியைப் பார்த்து அதைத் தானாக மாற்றத் தெரியாத ஷீட், பழையபடி பென்ஷனுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த ஆள் ஓய்வுபெற்றுப் பணம் எடுக்கப் போகும்போதுதான் முடிச்சு தெரியும்.

இவற்றோடு, நம் ஊருக்கே உரிய ஒரு தலைவலி: இனிஷியல். மஸ்டர் ரோலில் ‘எம். செல்வி’, ஆதாரில் ‘செல்வி முருகன்’, வங்கிப் பாஸ்புக்கில் ‘செல்வி எம்’, பி.எஃப். கணக்கில் யாரோ விரித்து எழுதிய ‘முருகன் செல்வி’. வேலையில் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. கல்யாணச் செலவுக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ முன்பணம் கேட்கும் நாளில் மனு திரும்பிவரும். பிறகு ஜாயின்ட் டிக்ளரேஷன், ஆதாரச் சான்று, அரை நாள் லீவு, மறுபடியும் அரை நாள் லீவு. வேலைக்குச் சேரும் அன்றே இந்தப் பொருத்தத்தைச் சரிபார்ப்பது ஒரு நல்ல அமைப்பின் சாதாரண வேலை. எக்செல்லுக்குப் பெயர் என்பது வெறும் எழுத்துகள்.

ஓசூரில் ஆலையும் பெங்களூருவில் அலுவலகமும் வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தொழில் வரியே இரண்டு விதம். தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை, உள்ளாட்சி அமைப்புக்கு; கர்நாடகத்தில் மாதாமாதம், மாநில அரசுக்கு. எல்லை தாண்டி மாற்றலாகிப் போனவருக்கு எது, எந்த மாதத்திலிருந்து? இதெல்லாம் பெரும்பாலும் ஒரே ஒருவர் தலைக்குள் இருக்கும். அவர் பதினைந்து வருடமாக அந்த ஷீட்டோடு வாழ்ந்தவர். அவர் ஃப்ளூ காய்ச்சலில் படுத்தால் அந்த மாதச் சம்பளமும் படுக்கும். அவர் கேட்ட லீவு கிடைக்காமல் போவதற்கும், பெண்ணின் வளைகாப்பிலும் லேப்டாப்பைத் திறந்து உட்காருவதற்கும் அதுதான் காரணம். நிறுவனத்தின் மிகப் பெரிய செலவினம் ஒரு மனிதரின் உடல்நிலையை நம்பி நிற்கிறது என்பதை எந்த வங்கி மேலாளரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

நவம்பர் 21-க்குப் பிறகு

இத்தனை நாள் தள்ளிப்போட்டவர்களுக்கு 2025 நவம்பர் 21 ஒரு கோடு கிழித்தது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அன்று நடைமுறைக்கு வந்தன. மாநில விதிகள் வந்து சேரும் வேகம் வேறு விஷயம். ஊதியம் என்றால் என்ன என்ற விளக்கம் சட்டத்திலேயே இருக்கிறது. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, தக்கவைப்புப் படி ஆகியவை ஊதியம். வீட்டு வாடகைப் படி, பயணப் படி முதலியவை கணக்கில் வராது. ஆனால் அப்படி விலக்கப்பட்டவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேரும்.

பி.எஃப். குறையட்டும் என்று அடிப்படைச் சம்பளத்தைச் சிறியதாக வைத்துப் படிகளைப் பெருக்கியிருந்த நிறுவனங்களுக்கு இது நேரடி அடி. மொத்தம் 30,000, அதில் அடிப்படை 10,000, படிகள் 20,000 என்று வைப்போம். பாதி 15,000, படிகள் அதை 5,000 தாண்டுகின்றன. ஆகவே ஊதியம் இனி 15,000. பத்தாண்டு முடித்து வெளியேறுபவரின் பணிக்கொடை முன்பு 57,692 ரூபாய், இப்போது 86,538. ஒருவருக்கு மட்டும் 28,846 வித்தியாசம். இதே நிலையில் நூறு பேர் இருந்தால் கிட்டத்தட்ட 29 லட்சம் ரூபாய் பொறுப்பு, யாரும் கையெழுத்துப் போடாமலே நிறுவனத்தின் தலையில் ஏறியிருக்கிறது. பணிக்கொடைக் கணக்கு கடைசியாக வாங்கிய ஊதியத்தை வைத்து எல்லா வருடங்களுக்கும் போடப்படுவது என்பதால், இதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கவும் முடியாது.

முன்னறிவிப்பு இல்லாமலும் வரவில்லை. 2019 பிப்ரவரி 28-ல் விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில், எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் படிகளை பி.எஃப். கணக்கிலிருந்து பிரித்துவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அப்போதே ஷீட்டைத் திருத்தியவர்கள் குறைவு.

அடுத்தது, வேலையை விட்டுப் போகிறவரின் செட்டில்மென்ட். ‘‘அடுத்த மாசம் சம்பளத்தோட போட்டுடறோம்’’ என்பதுதான் நம் வழக்கம். ராஜினாமாவோ நீக்கமோ, இரண்டு வேலை நாளுக்குள் ஊதியப் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும்படி கட்டப்பட்ட ஷீட்டை வைத்துக்கொண்டு, 13-ஆம் தேதி போகிறவருக்கு 15-ஆம் தேதி கணக்கு முடிக்க வேண்டும். லீவு பாக்கி, ஓ.டி., அட்வான்ஸ் மீதி, வரிப் பிடித்தம் எல்லாம் அன்றைய தேதிவரை தெரிந்திருந்தால்தான் அது நடக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் வருபவருக்கு ஐந்தாண்டு காத்திருக்காமல் ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை வந்துவிடுகிறது. அதற்கும் ஷீட்டில் இடமில்லை.

வருமான வரிப் பக்கமும் தரை நகர்ந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம். பிரிவு எண்களிலிருந்து எல்லாம் வேறு. அது போக, ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் சம்பளமும் ஒன்றாக இருக்கும் ஷீட்டை மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள், தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டதையும், பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் என்று மூலச்சட்டம் சொல்வதையும் ஒருமுறை படித்துவைப்பது நல்லது.

சொல்லாத காரணம்

எழுதக் கொஞ்சம் சங்கடமான ஒரு பகுதிக்கு வருகிறேன். சில முதலாளிகள் புதிய அமைப்பை வேண்டாம் என்பது செலவுக்காக இல்லை. எக்செல்லில் எதையும் எப்போதும் திருத்தலாம். யார், என்று, ஏன் திருத்தினார் என்ற தடம் இருக்காது. ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி கொடுக்கவேண்டும் என்பது தொழிற்சாலைச் சட்டக் காலத்திலிருந்தே உள்ள விதி. ஒற்றைக் கூலியில் கொடுத்து, அதையும் கவரில் ரொக்கமாகக் கொடுத்து, மஸ்டரில் எட்டு மணிநேரம் மட்டும் காட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தடம் வைக்கும் மென்பொருளில் அது நடக்காது. ஆகவே, ‘‘எங்க பிசினஸுக்கு அதெல்லாம் செட் ஆகாதுங்க.’’

இந்தப் பதிலுக்கு எந்த மென்பொருள் விற்பனையாளரும் மறுமொழி சொல்லமாட்டார். அவருக்கு ஆர்டர் வேண்டும். ஆனால் திருப்பூரில் ஏற்றுமதி செய்கிறவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டு வாங்குநர் அனுப்பும் சமூகத் தணிக்கையாளர் சம்பளப் பதிவேட்டை மட்டும் பார்ப்பதில்லை. தையல் வரிசையின் உற்பத்திப் பதிவு, கேட் பாஸ், ஊசி உடைந்ததைக் குறித்துவைக்கும் நோட்டு என்று எடுத்து வைத்துத் தேதியை ஒப்பிடுவார். மஸ்டரில் விடுமுறை என்றிருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஊசி உடைந்திருந்தால், ஆர்டரே உடையும். இரண்டு கணக்கு வைக்கிற நிறுவனத்துக்கு இரண்டையும் பொருத்திவைக்க ஆகும் உழைப்பைக் கூட்டிப் பார்த்தால், இரட்டிப்பு ஓ.டி. கொடுத்துவிடுவது அப்படியொன்றும் பெரிய தொகையாக இருக்காது என்பது என் அனுமானம். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் இருந்தே ஆகவேண்டும் என்ற விதியும் 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. சம்பளச் செலவு அந்தக் கணக்குக்குள் வந்து சேர்வதுதானே?

முதலாளி மேசைக்குப் போகவேண்டிய தாள்

அப்படியானால் ஹெச்.ஆர். மேலாளர் என்ன எடுத்துப்போக வேண்டும்? விற்பனையாளர் கொடுத்த வண்ணப் படங்களை முதலில் ஓரமாக வைக்கட்டும். கடந்த மூன்று மாதச் சம்பளப் பட்டியலை எடுத்து, கணக்கரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சம்பளம் போன பிறகு செய்த திருத்தங்களை எண்ணவேண்டும். ஓ.டி. விட்டுப்போய் அடுத்த மாதம் போட்டது, லீவைக் கழிக்காமல் விட்டது, வெளியேறியவருக்கு ஒரு மாதம் கூடுதலாகப் போய்த் திரும்ப வராதது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ரூபாய். கூடுதலாகப் போனதும் குறைவாகப் போனதும் தனித்தனியாக. ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டால் பிழை இல்லாதது போலத் தெரியும்.

பிறகு தாமதங்கள். பி.எஃப்.பும் ஈ.எஸ்.ஐ.யும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும், வரிப் பிடித்தம் 7-ஆம் தேதிக்குள். கோப்பு போர்ட்டலில் ஏறவில்லை, ஊழியரின் பி.எஃப். எண்ணான யூ.ஏ.என். பொருந்தவில்லை என்று தள்ளிப்போன மாதங்களுக்குக் கட்டிய வட்டியும் அபராதமும் எவ்வளவு? பி.எஃப். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவிகித வட்டி, 2024 ஜூனிலிருந்து அதற்கு மேல் மாதம் ஒரு சதவிகித அபராதம். இந்தத் தொகைகள் கணக்குப் புத்தகத்தில் ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பின் கீழ் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். ஆடிட்டரைக் கேட்டால் எழுப்பிக் கொடுப்பார்.

மூன்றாவதாக, புதிய ஊதிய விளக்கத்தின்படி பணிக்கொடைப் பொறுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற ஒற்றை எண். அந்த எண்ணைத் தற்போதைய ஷீட்டிலிருந்து ஒரு நாளில் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், எண்ணைவிட அதுவே வலுவான வாதம்.

இந்தத் தாளில் ‘ஆள் குறைப்பு’ என்ற வரி இருக்கக்கூடாது. கணக்கர் நேரம் மிச்சமாகும்தான். அந்த நேரத்தில் அவர் செய்யவேண்டிய வேலை ஒன்று தனியாகக் காத்திருக்கிறது: அமைப்பு போட்ட கணக்கைச் சந்தேகப்படுவது. செலவுப் பக்கத்தையும் ஒளிக்காமல் எழுதவேண்டும். ஓர் ஊழியருக்கு மாதம் இவ்வளவு என்று விற்பனையாளர் சொல்லும் கட்டணம் சிறியது. பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, லீவு பாக்கி எல்லாவற்றையும் சுத்தம் செய்ய ஆகும் மனித உழைப்புதான் பெரியது. அதை மறைத்து அனுமதி வாங்கினால், மூன்றாம் மாதம் முதலாளி கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது.

எதை வாங்குவது என்பதற்கு நான் பெயர் சொல்லப்போவதில்லை. சென்னைக்காரர்களான ஸோஹோவும் ராம்கோவும் இந்தத் துறையில் இருக்கிறார்கள், பெங்களூரு நிறுவனங்கள் இருக்கின்றன, ஏற்கெனவே கணக்குக்கு டேலி வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே சம்பளப் பகுதி உண்டு. விற்பனையாளர் காட்டும் டெமோவில் எல்லாமே ஓடும். அங்கே உங்கள் கஷ்டமான ஆட்களைக் கொடுத்துப் பாருங்கள்: நடுக்காலத்தில் 21,000 தாண்டியவர், 58 முடிந்தவர், ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போனவர், ஆறு மாத அரியர்ஸோடு இன்கிரிமென்ட் வாங்கியவர், 13-ஆம் தேதி வேலையை விட்டவர். இந்த ஐந்து பேரின் சம்பளச் சீட்டும் உங்கள் கணக்கர் கையால் போட்ட கணக்கோடு பைசா பிசகாமல் பொருந்தினால் மேலே பேசலாம்.

மாற்றுவதற்கு நல்ல மாதம் ஏப்ரல். வரி ஆண்டு புதிது, ஈ.எஸ்.ஐ. காலம் புதிது, குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படியும் அப்போதுதான் மாறும். அக்டோபரிலும் ஈ.எஸ்.ஐ. காலம் தொடங்குகிறது என்று அதைப் பிடிக்காதீர்கள். தீபாவளிப் போனஸ், முன்பணம், ஊருக்குப் போகும் லீவு எல்லாம் ஒன்றாக வந்து மோதும் நேரம் அது. ஏப்ரலில் மாற வேண்டுமென்றால் ஜனவரியிலேயே பழைய ஷீட்டும் புதிய அமைப்பும் பக்கத்தில் பக்கமாக ஓடவேண்டும். சம்பளம் போவது பழையதிலிருந்து. புதியது போட்ட தொகை அதனோடு ஆளுக்கு ஆள் ஒப்பிட மட்டும். வித்தியாசம் வரும். அதில் பாதி புதிய அமைப்பில் தப்பாக ஏற்றிய விதியாக இருக்கலாம். மீதி, பல வருடமாக யாரும் கவனிக்காமல் பழைய ஷீட் செய்துவந்த தப்பு. இந்த இரண்டாவது வகைக்குப் பழைய பாக்கியை என்ன செய்வது என்று முதலாளி முன்கூட்டியே முடிவெடுத்து வைத்திருக்கவேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கும் அன்று வந்து எடுக்கும் முடிவு பெரும்பாலும் மூடிமறைப்பதாகவே இருக்கும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் விற்பனையாளரிடம் கேட்கவேண்டிய கடைசிக் கேள்வி: நாங்கள் உங்களை விட்டுப் போனால், எத்தனை வருடச் சம்பளப் பதிவை, எந்த வடிவில், எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள்? பதிலை வாய்வார்த்தையாக வாங்கிக்கொள்ளாமல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.